ஒட்டுத்துணியும் ஒரு பாடமே!

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., கணிதம்)

'நூல்' என்ற ஒரே சொல் நம் மொழியில் பஞ்சிலிருந்து திரிக்கும் இழையையும் குறிக்கிறது, படிக்கும் புத்தகத்தையும் குறிக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள பொருத்தத்தைப் பவணந்தி முனிவர் நன்னூலில் விளக்கியிருப்பதைத் தமிழ் வகுப்பில் கேட்டிருக்கிறோம். கேட்டு என்ன பயன்? நம் பள்ளிக்கூடங்களில் ஒரு நூல் உள்ளே பெஞ்சில் அமர்ந்திருக்கிறது. மற்றொரு நூல் கேட்டுக்கு வெளியே நிற்கிறது. வெளியே நிற்கும் நூலுக்காகச் சில வார்த்தைகள் பேசவே இக்கட்டுரை.

நான் கேட்பது பெரிதன்று. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வாரத்தில் இரண்டு பாடவேளை. ஆண், பெண் என்ற பாகுபாடு இல்லாமல் எல்லாப் பிள்ளைகளும் துணியைத் தொட்டு, வெட்டி, இணைத்து, தைத்துப் பார்க்க வேண்டும். பாவு எது, ஊடை எது என்று விரலால் அறிய வேண்டும். ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு வகுப்பும் சேர்ந்து ஓர் ஒட்டுப்போர்வை தைத்து முடிக்க வேண்டும். மேல்நாட்டார் 'குயில்ட்' என்கிறார்களே, அதுதான்: மேலே பல துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சோ பழந்துணியோ, அடியில் ஒரு முழுத்துணி, மூன்றும் நழுவாமலிருக்க நெடுக ஓட்டுத்தையல்.

இதைப் படித்தவுடன் நம்மில் சிலருக்குச் சினம் வரும். வர வேண்டியதுதான். 1953ஆம் ஆண்டில், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டப்படி, கிராமத்துப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிப்பது, மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்பது என்று ஏற்பாடு. அதற்குக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் சூட்டித் தந்தை பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் நாடெங்கும் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அது நிலைத்திருந்தால் என் போன்றோர் இந்த மலரில் கட்டுரை எழுதியிருப்பார்களா? தறிக்குழியில் காலை விட்டிருப்பார்கள். இது ஏதோ பழங்கதை என்றும் ஒதுக்க முடியாது. 2023இல் மத்திய அரசு விசுவகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தபோது, குடும்பத் தொழிலைச் செய்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. அந்த வடிவில் திட்டத்தைச் செயல்படுத்த இயலாது என்று 2024 நவம்பரில் எழுதியே தெரிவித்துவிட்டது. எழுபது ஆண்டு கழித்தும் அந்தக் காயம் ஆறவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எங்கள் வீட்டிலும் அந்தக் காயம் உண்டு. என் தந்தை பல்லடம் பக்கம் விசைத்தறியில் காடா துணி ஓட்டுகிறவர். தாயார் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர். நான் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பள்ளியில் தையல் கற்றுத்தரச் சொல்லிக் கட்டுரை எழுதப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "ஏங்கண்ணு, நா ஊசியப் புடிச்சுச் சீரழியறது பத்தாதா? ஊரு புள்ளைகளயும் அதுலயே கொண்டுபோய் உடச் சொல்றியா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத எனக்கு உரிமை இல்லை.

என் தாயார் பதினேழு ஆண்டுகளாகத் தைக்கிறார். ஆனால் முழுச் சட்டை ஒன்றை அவர் தைத்ததே இல்லை. அவர் ஓவர்லாக் மெசினில் தோள்பட்டை மட்டும் இணைப்பார். அடுத்த மெசினில் இருப்பவர் கைப்பகுதி, அதற்கடுத்தவர் கழுத்து, அப்பால் ஒருவர் அடிமடிப்பு. தோளை இணைத்துத் தள்ளிவிட்டால் அந்தத் துணி எங்கே போகிறது, என்ன ஆகிறது, யார் உடுத்துகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நிறம் அவர் தேர்ந்தெடுத்ததல்ல, அளவும் அவர் போட்டதல்ல. இத்தனை பீஸ் முடிந்ததா என்ற ஒரே கேள்விதான் அவரிடம் கேட்கப்படுகிறது. இதைத் தொழில் என்று சொல்லலாம், கலை என்று சொல்ல வாய் வருமா?

அதே தாயார், ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனியிலிருந்து விலைக்கு வாங்கி வந்த பனியன் வேஸ்ட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு, சிவப்பை நீலத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், எடுப்பார், மஞ்சளை வைப்பார். தலைசாய்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கடைசியில் அது ஒரு தலையணை உறையாகவோ கால்மிதியாகவோ ஆகும். அப்போது அவரிடம் எத்தனை பீஸ் என்று யாரும் கேட்பதில்லை. என் கண் முன்னால் ஒரே பெண், ஒரே ஊசி. வாரத்தில் ஆறு நாள் கூலி, ஒரு நாள் கலை. பள்ளிக்குள் வர வேண்டும் என்று நான் சொல்வது அந்த ஏழாம் நாளைத்தான்.

குலக்கல்வி என்பது நெசவாளி மகன் நெசவையும், வண்ணார் மகன் வெளுப்பையும் கற்க வேண்டும் என்பது. நான் சொல்வது டாக்டர் மகனும் தாசில்தார் மகளும் தறிக்காரர் மகனும் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே துணியை வெட்ட வேண்டும் என்பது. அதுவும் பள்ளி நேரத்தில், படிப்பைக் குறைக்காமல், படிப்பின் பகுதியாக. எட்டாம் வகுப்போடு நின்றுவிட வேண்டும். அதன் பேரில் எந்தக் கம்பெனியும் ஆள் எடுக்கக் கூடாது. 'சுமங்கலித் திட்டம்' என்ற அழகான பெயரைச் சொல்லி நூற்பாலைகளுக்குச் சிறுமியரை அழைத்துச் சென்ற கதை நம் கொங்கு நாட்டுக்குப் புதிதல்லவே! பள்ளித் தையல் வகுப்பு கம்பெனிக்கு ஆள் பிடிக்கும் வாசலாக மாறுமானால், அதை முதலில் எதிர்த்து நிற்பவன் நானாகத்தான் இருப்பேன்.

வேடிக்கை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில் 'ஆர்ட் அண்ட் கிராஃப்ட்' என்று தனி வகுப்பே நடக்கிறது. அங்கே ஊசி பிடித்தால் அது படைப்பாற்றல். அரசுப் பள்ளியில் ஊசி பிடித்தால் அது தலையெழுத்து! இந்தப் பார்வையை உடைக்க வேண்டாமா?

ஒட்டுத்துணி என்றால் நமக்கு உள்ளூர ஒரு கூச்சம் இருக்கிறது. அது நேற்று வந்ததன்று. பொருநராற்றுப்படையில் வறிய பொருநன் கரிகாலனிடம் போகும்போது உடுத்தியிருப்பது, வேற்று நூலால் தைத்துத் தைத்து ஒட்டிய கந்தல். அதைக் களைந்துவிட்டு மெல்லிய புத்தாடை தருவதுதான் வள்ளலின் முதல் கொடை. அன்று முதல் இன்று வரை ஒட்டு என்பது வறுமையின் முத்திரை. பள்ளியில் கால்சட்டையின் பின்புறம் வட்டமாக ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்த என் வகுப்பு நண்பன் ஒருவன், கரும்பலகைக்குப் போகச் சொன்னால் விடை தெரிந்தும் எழ மாட்டான். இப்படி விடை தெரிந்தும் எழாத பிள்ளைகள் எத்தனை பேரோ!

ஆனால் அதே கந்தலை வைத்துக்கொண்டு உலகத்தில் சிலர் என்ன செய்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். வங்கத்துப் பெண்கள் கிழிந்த சேலைகளை அடுக்கடுக்காக வைத்து, அந்தச் சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்து, வெறும் ஓட்டுத்தையலால் 'காந்தா' என்னும் போர்வை தைத்தார்கள். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் சித்திகள் என்ற மக்கள் இருக்கிறார்கள்; ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் தைக்கும் 'கவந்தி' ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும். நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூப்போல் வைத்துத் தைத்தால்தான் போர்வை உடுத்தியதாம். இல்லையேல் அது அம்மணமாம்!

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர். அடிமைகளாக இருந்தவர்களின் பேத்திகள், வயலில் உழைத்துத் தேய்ந்த கால்சட்டைகளையும் சாக்குகளையும் வெட்டிப் பிள்ளைகளுக்குக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். முழங்கால் தேய்ந்த இடம் வெளுத்தும், பை இருந்த இடம் அடர்நீலமாகவும் அந்தப் போர்வைகளில் தெரியும். 2002இல் ஹூஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. பிறகு நியூயார்க்கிலும் மாட்டினார்கள். 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலையாகவே வெளியிட்டது. வயலில் கிழிந்த துணி கலைக்கூடச் சுவருக்குப் போயிற்று!

இன்னும் ஒன்று, எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது. தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் 1973இல் பினோசே என்ற இராணுவத் தளபதி ஆட்சியைக் கைப்பற்றினான். ஆயிரக்கணக்கானோர் இரவோடிரவாகக் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. பத்திரிகைகள் வாய் மூடின. அப்போது கணவனையும் மகனையும் தேடி அலைந்த பெண்கள், சாக்குத்துணியின் மேல் துண்டுத்துணிகளை ஒட்டிப் படம் தைத்தார்கள்: சிறைச்சாலை, வரிசையில் நிற்கும் பெண்கள், 'எங்கே அவர்கள்?' என்ற கேள்வி. கத்தோலிக்கத் திருச்சபையின் உதவியால் அத்துணிகள் கடல் தாண்டிப் போயின. 'அர்பியேரா' என்று அவற்றுக்குப் பெயர். தையல்தானே, பெண்கள் பொழுதுபோக்கு என்று தொடக்கத்தில் அதிகாரிகள் அலட்சியமாக இருந்ததும் அப்பெண்களுக்கு உதவிற்று. ஊசி என்ன செய்யும் என்று கேட்கும் நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

நான் கணித மாணவன். ஆகவே என் துறையை விட்டுவிட்டுப் போக மனமில்லை, பொறுத்துக் கேளுங்கள்.

அறுபது செ.மீ. அகலம், எண்பது செ.மீ. நீளத்தில் ஒரு குழந்தைப் போர்வை தைக்க வேண்டும். பத்து செ.மீ. சதுரங்களாக ஆறு வரிசை, எட்டு நிரை. மொத்தம் 48 சதுரம். எந்தப் பிள்ளையும் முதலில் பத்து செ.மீ. அளவிலேயே வெட்டுவான். ஓரத்தில் தையலுக்கு ஒரு செ.மீ. உள்ளே போகும். இரு பக்கமும் போனால் பத்து எட்டாகும், அறுபது நாற்பத்தெட்டாகும், குழந்தையின் கால் வெளியே நிற்கும்! பிறகு பன்னிரண்டு செ.மீ. வெட்ட வேண்டும் என்று அவனே கண்டுபிடிப்பான். அதை எந்த ஆசிரியரும் பிரம்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, ஒவ்வொரு சதுரமும் மூலைவாட்டில் இரு நிறமாக, இரண்டு முக்கோணங்களால் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முக்கோணம் வெட்ட எடுக்கும் சதுரத்துக்கு இப்போது என்ன அளவு? பன்னிரண்டு போதாது, ஏனெனில் மூலைக்கோட்டிலும் ஒரு தையல் இருக்கிறது. கணக்குப் போட்டால், தையலுக்கு விடும் அளவை இரண்டும் இரண்டின் வர்க்கமூலமும் சேர்ந்த எண்ணால், அதாவது ஏறத்தாழ 3.41ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஆக 13.4 செ.மீ. அமெரிக்கப் பாட்டிமார் கால் அங்குலம் தையலுக்கு விடுவார்கள். அதற்கு எட்டில் ஏழு அங்குலம் கூட்டிக்கொள் என்று அவர்களிடையே ஒரு வாய்ப்பாடு. கால் அங்குலத்தை 3.41ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ அதே எட்டில் ஏழு வரும்! விகிதமுறா எண் என்று நாம் ஒன்பதாம் வகுப்பில் பயந்து நடுங்கிய அந்த வர்க்கமூலம், ஒரு பாட்டியின் கத்தரிக்கோலில் ஆண்டாண்டு காலமாகக் குடியிருந்திருக்கிறது.

ஒழுங்கு பல்கோணங்களில் முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகிய மூன்றை மட்டுமே ஒரே வகையாக இடைவெளியின்றித் தளத்தில் பரப்ப முடியும் என்று புத்தகத்தில் ஒரு வரி வரும். மனப்பாடம் செய்து எழுதிவிடலாம். ஆனால் ஐங்கோணமாக வெட்டிய துணித்துண்டுகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து இணைக்கச் சொல்லுங்கள். ஒரு முனையில் மூன்று சேர்ந்தால் 324 பாகை. 36 பாகை மீதம். தாளாக இருந்தால் அங்கே ஓர் இடைவெளி தெரியும், அவ்வளவுதான். துணியோ அந்த இடைவெளியை இழுத்து மூடிக்கொண்டு கிண்ணம்போல் மேலெழும்பும். விடாமல் தைத்தால் பன்னிரண்டு துண்டுகளில் பந்தாகிவிடும். உள்ளே பழந்துணி அடைத்து விளையாடலாம். பன்முகி பற்றி இதைவிட நல்ல பாடத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைப் 'புத்குளி'யில் சிவப்பும் கருப்புமாகப் பூவேலை செய்கிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. முன்கூட்டிப் படம் வரைந்துகொள்வதில்லை. பாவிழை இத்தனை, ஊடையிழை இத்தனை என்று எண்ணியே தைக்கிறார்கள். வரைபடத்தாளில் புள்ளி குறிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தஞ்சை, கும்பகோணம் பக்கத்துத் தேர்ச்சீலைகளும் தொம்பைகளும் துணி மேல் துணி வைத்துத் தைத்தவையே. மதுரைச் சுங்குடியின் முடிச்சுப் புள்ளிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றைத் திருவிழாவில் அண்ணாந்து பார்க்கிறோம். எப்படிச் செய்தார்கள் என்று கேட்பதில்லை.

பள்ளியில் கைத்தொழில் வேண்டும் என்பது புதிய கோரிக்கையும் அன்று. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது நூற்பும் நெசவும்தான் நடுநாயகம். 1964-66இல் கோத்தாரிக் குழு 'பணி அனுபவம்' என்றது. 1977இல் ஈஸ்வர்பாய் படேல் குழு 'சமூகப் பயன்மிக்க ஆக்கப்பணி' என்று இன்னும் நீளமான பெயரைச் சூட்டியது. பெயர்கள் நீண்டுகொண்டே போயின, பாடவேளை சுருங்கிக்கொண்டே வந்தது. காந்தியடிகளின் திட்டத்திலும் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. பிள்ளைகள் நூற்ற நூலின் வருமானத்தில் பள்ளி நடக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். பிள்ளையின் கையிலிருந்து காசு வர வேண்டும் என்று எண்ணிய அந்தக் கணமே அது கம்பெனியாகிவிடுகிறது. போர்வை விற்பனைக்கல்ல என்பதை முதல் விதியாக வைக்க வேண்டும்.

நான் படித்த பள்ளியில் தையலுக்கென்று கால அட்டவணையில் ஒரு வேளை இருந்தது. அது பெண்களுக்கு மட்டும். அந்நேரம் நாங்கள் மைதானத்தில் கபடி ஆடினோம். கடைவீதியில் பார்த்தால் அளவெடுத்து வெட்டும் டெய்லர்கள் பெரும்பாலும் ஆண்கள்! காசு வரும் தையல் ஆணுக்கு, காசு வராத தையல் பெண்ணுக்கு என்று யார் பிரித்தார்களோ தெரியவில்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் அந்த ஒரு வேளையையும் அறிவியல் பாடம் எடுத்துக்கொண்டது. கண்காட்சி வந்தால் மட்டும் தையல் நினைவுக்கு வரும். மறுநாளே மேசை நிறைய எம்பிராய்டரி பூக்கள். எல்லாம் அம்மாவும் அக்காவும் இரவெல்லாம் தைத்தவை, சில கடையில் வாங்கியவை. ஆய்வுக்கு வந்தவர் பாராட்டிவிட்டுப் போவார்.

செலவு என்ன ஆகும் என்று கேட்கலாம். துணி விலைக்கு வாங்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நான்கு இணை இலவசச் சீருடை வருகிறது. வளரும் பிள்ளைகள், ஓராண்டில் சட்டை குட்டையாகிவிடும். அந்தப் பழைய சீருடைகளே போதும். பனியன் வேஸ்ட் எங்கள் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் என்றாலும் தொடக்கத்தில் அது வேண்டாம். பின்னிய துணி இழுத்தால் நீளும், வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும், பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். நெய்த பருத்தித் துணியே முதலாண்டுக்கு ஏற்றது. அதிலும் பாவு வாட்டத்தில் வெட்ட வேண்டும். டெய்லர்கள் 'கிராஸ்' என்கிறார்களே, அந்தக் குறுக்குவாட்டில் வெட்டினால் துணி இழுபடும். ஏன் இழுபடுகிறது என்று கேட்க வைப்பது இரண்டாமாண்டுப் பாடம். ஊசியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். மெசின் வேண்டவே வேண்டாம். மதிப்பெண்ணும் வேண்டாம், மதிப்பெண் வந்தால் மறுநாள் டியூஷன் வந்துவிடும்.

சொல்லித்தருவது யார்? அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் தேர்ச்சி பெற்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்காகப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. சொற்ப ஊதியத்தில் வேலை பார்த்துக்கொண்டு நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள். அவர்களை வயிறார வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு, மாதம் ஒருமுறை ஊரிலுள்ள டெய்லரையும் தறிக்காரரையும் பனியன் கம்பெனிக்குப் போகும் தாய்மாரையும் வகுப்புக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசச் சொல்லலாம். தன் தாய்க்கு வகுப்பறையில் நாற்காலி போடப்படுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு வேறென்ன பரிசு வேண்டும்?

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கூலிக்கில்லீன்னா செரி. பசங்களுக்கும் சொல்லிக் குடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். கொடுக்க வேண்டும் என்றேன். "அப்பச் செரி" என்று தோள் இணைக்கக் கிளம்பிவிட்டார்.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டுமா என்பதே நம் கல்லூரி நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் நான் வைக்கும் வினா. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஏழு நாள் ஏதேனும் ஒரு கிராமத்தில் தங்குகிறோம்; கோயிலைச் சுற்றிப் புல் வெட்டுகிறோம்; அடுத்த மழைக்கு அது மறுபடி முளைக்கிறது. வரும் முகாமில் அவ்வூர் நடுநிலைப் பள்ளியில் மாலை ஒரு மணி நேரம் கேட்டு வாங்குவோம். 48 சதுரம், 24 பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு. கணிதத் துறையிலிருந்து நான்கு பேர் வரச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களில் மூவர் ஆண்கள். வேதியியல் துறை நண்பர்கள் சாயம் பற்றிச் சொல்ல வந்தால் இன்னும் நன்று. ஊசிக்கும் நூலுக்கும் ஆகும் செலவு நம் கேண்டீனில் ஒரு நாள் டீக் கணக்கைத் தாண்டாது. துணியைப் பற்றிக் கவலை வேண்டாம். என் தங்கையின் ஏழாம் வகுப்புச் சீருடை முதற்கொண்டு எங்கள் தெருவில் ஒரு மூட்டை சேர்த்து, துவைத்து வைத்திருக்கிறேன். முகாம் அலுவலரின் ஒப்புதல்தான் பாக்கி.